செம்பூர் வீட்டு ஹாலுக்கு 55 அங்குல டிவியா, 65 அங்குலமா? உதவி தேவை

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் பழைய சொசைட்டி கட்டடம், மூன்றாவது மாடி. 2012-ல் வாங்கிய 32 அங்குல டிவியில் போன வாரம் பச்சைக் கோடுகள் விழுந்தன, இரண்டு நாளில் படமே போய்விட்டது. பேனல் மாற்றுகிற காசில் புதிதே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாக வாங்குவோம் என்று வீட்டில் பேச்சு.

ஹால் 15-க்கு 10 அடி. சோபா ஒரு நீளச் சுவரை ஒட்டி இருக்கிறது, டிவி எதிர்ச் சுவரில். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணிலிருந்து திரைக்கு எட்டு அடி, டேப் வைத்து அளந்துவிட்டேன். இடது பக்கம் மேற்குப் பார்த்த ஜன்னல், மாலையில் நல்ல வெயில் வரும். பட்ஜெட் எண்பதாயிரம்.

அம்மாவுக்கு 74 வயது. சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை கேபிளில் தமிழ்த் தொடர்கள். மகனுக்குக் கிரிக்கெட். நானும் மனைவியும் இரவில் ஓடிடி-யில் படம் பார்ப்போம்.

பயம் ஒன்று இருக்கிறது. முலுண்டில் நண்பர் வீட்டில் 65 அங்குலம் வாங்கியிருக்கிறார்கள். ஓடிடி-யில் படம் போட்டால் அற்புதமாக இருக்கிறது. அதே டிவியில் தமிழ்ச் சானல் வைத்ததும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிகிற மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா பார்ப்பதே அதுதான். அப்போது பெரிய டிவி வாங்கியது வீண்தானே? 55-ல் நிறுத்திக்கொள்ளலாமா? ஓஎல்இடி, கியூஎல்இடி என்று கடைக்காரர் சொல்வதும் பிடிபடவில்லை.

ரிப்பேர்கடை_முலுண்ட்:

சார், 25 வருடமாக டிவி பழுது பார்க்கிறேன். உங்கள் நண்பர் வீட்டில் டிவிமேல் குற்றம் இருக்காது. கணக்கைப் பாருங்கள். எஸ்டி என்கிற சாதாரணத் தரச் சானலில் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக 20 மடங்கு. ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லு பெரிதாக இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போனால் தோசை எப்படி வரும்? மீதிப் புள்ளிகளை டிவிக்குள் இருக்கிற சிப் ஊகித்துத்தான் நிரப்புகிறது.

நண்பரிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் காசு கட்டுகிற கேபிள் பேக்கில் அந்தச் சானலின் எச்டி வடிவம், அதாவது கூடுதல் தெளிவு உள்ளது, இருக்கிறதா? கேபிள் பெட்டி எச்டி பெட்டியா? மூன்றாவதுதான் முக்கியம்: பெட்டியிலிருந்து டிவிக்கு என்ன ஒயர் போகிறது? மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஒயர் என்றால் எச்டி சானலுக்குக் காசு கட்டினாலும் திரையில் எஸ்டி தரம்தான் வரும். படமும் ஒலியும் ஒரே முனையில் போகிற எச்டிஎம்ஐ ஒயர் போட வேண்டும். வீடு வீடாகப் போகிறபோது இதை அடிக்கடி பார்க்கிறேன். புது டிவியை மாட்டிவிட்டுப் பழைய ஒயரையே சொருகிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டோம்பிவிலி_லோக்கல்:

கொஞ்சம் காத்திருந்து காசு சேர்த்து ஓஎல்இடி எடுங்கள் என்பேன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், தேவையில்லாதபோது முழுசாக அணைந்துவிடும். இரவுக் காட்சியில் கறுப்பு என்றால் கறுப்புதான். ஒருமுறை பார்த்தால் வேறு எதுவும் பிடிக்காது.

ரிப்பேர்கடை_முலுண்ட்:

நீங்கள் சொல்வது உண்மை, படத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இந்த வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். தினமும் மூன்று மணி நேரம் அதே சானல் லோகோ அதே மூலையில் நிற்கும். ஓஎல்இடி-யில் வருடக்கணக்கில் அப்படி நின்றால் தழும்பு மாதிரி பதிய வாய்ப்பு உண்டு. இப்போது வருகிறவற்றில் அதைத் தடுக்க ஏற்பாடுகள் இருக்கின்றன, இருந்தாலும் அந்தக் கவலை ஏன்? அதோடு மேற்கு ஜன்னல். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்த எல்சிடி வகையில் நல்ல பிரகாசமானது தாங்கும்.

கியூஎல்இடி என்பதும் எல்சிடி-தான் சார், பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்னால் எல்இடி விளக்கு, நடுவில் நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிற குவாண்டம் டாட் படலம், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: விளக்கு ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, பின்பக்கம் முழுக்க இருக்கிறதா? பகுதி பகுதியாக மங்கச் செய்ய முடியுமா? மினி எல்இடி என்றால் அந்தப் பகுதிகள் நிறைய, கறுப்பு நன்றாக வரும்.

கடையில் ஓடுகிற மீன், பூ, கடல் எதையும் நம்பாதீர்கள். எல்லாம் அதற்கென்று எடுத்தது, டிவியும் கடை மோடில் கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். ரிமோட்டைக் கேட்டு வாங்கி சினிமா மோடுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு பென் டிரைவில் இருட்டுக் காட்சி உள்ள படம் கொண்டுபோங்கள். கேபிள் இணைப்பு இருந்தால் எஸ்டி சானல் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள், அந்தச் சிப்பின் கெட்டிக்காரத்தனம் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் ஓரமாகப் போய் நின்று பாருங்கள். சில பேனல் நேரே பிரமாதமாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுத்துவிடும். விருந்தாளி வந்தால் எல்லோருமா நேரே உட்கார முடியும்?

பட்ஜெட் போடும்போது பழைய விலையை மனதில் வைக்காதீர்கள். 32 அங்குலத்துக்கு மேலான டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

தானே_அக்கா:

தம்பி, எல்லோரும் பேனலைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். எட்டு அடி என்று அளந்தது நீங்கள் உட்காருகிற இடம். அம்மா எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்?

செம்பூர்வாசி:

அக்கா, நீங்கள் கேட்டபிறகுதான் யோசித்தேன். அம்மா சோபாவில் உட்காருவதே இல்லை. பால்கனியில் கிடந்த பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து டிவிக்கு நேரே போட்டுக்கொள்வார்கள். தரையில் நாலு கால் தடமும் வெளுத்துத் தெரிகிறது. இப்போது அளந்தேன், டிவிக்கும் அதற்கும் நான்கு அடி. கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வருடமாகிறது. கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கக் கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் சௌகரியம் என்பார்கள். பழக்கமாகிவிட்டதால் எங்கள் கண்ணில் அது படவேயில்லை.

தானே_அக்கா:

அப்படியானால் உங்கள் கேள்விக்கு விடை அந்த நாற்காலிதான். நான்கு அடியில் 32 அங்குலம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, எட்டு அடியில் 64 அங்குலம் அவ்வளவு பெரிதாகத் தெரியும். 55 வாங்கி அம்மாவை சோபாவுக்கு வரச் சொன்னால், இப்போது பார்ப்பதைவிடச் சின்னதாகத்தான் அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாளே நாற்காலி திரும்ப முன்னால் வந்துவிடும். என் மாமியாருக்கு இப்படித்தான் ஆயிற்று, நாங்கள் யாரும் அவர்களைக் கேட்காமலே 43 அங்குலம் வாங்கினோம். அது எனக்கு இன்னும் உறுத்தல்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு; அந்த டிவி 144 சென்டிமீட்டர் அகலம், 81 உயரம், விளிம்பு சேர்த்தால் ஒன்றிரண்டு கூடும். நியூஸ்பேப்பரை ஒட்டி அதே அளவில் சுவரில் மாட்டுங்கள். நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும், சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டம் அதுதான். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சுவிட்ச் போர்டை மறைக்கிறதா, கதவு இடிக்கிறதா, சாமி அலமாரிக்கு இடைஞ்சலா, எல்லாம் தானாகத் தெரியும்.

ரிப்பேர்கடை_முலுண்ட்:

அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. 4கே-க்குத் திரை அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரம் என்று நாங்கள் கணக்குப் போடுவோம். 65-க்கு எட்டு அடிதான் வருகிறது. எச்டி பேக்கும் எச்டிஎம்ஐ ஒயரும் உறுதி என்றால் 65 எடுங்கள்.

கோலிவாடா_சயான்:

லிஃப்டை அளந்தீர்களா? 65 அங்குல அட்டைப்பெட்டி ஐந்து அடிக்கு மேல் நீளம். எங்கள் கட்டடத்து லிஃப்டில் நுழையவில்லை. கொண்டுவந்த பையன்கள் பெட்டியைப் படுக்கவைத்துப் படியில் தூக்கினார்கள். மாட்டி ஆன் செய்தால் வலது மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், வீடியோவும் இல்லை என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். நான்கு மாதம் அலைந்தேன். பெட்டி எப்போதும் நின்ற நிலையிலேயே வர வேண்டும், டெம்போவிலும் சரி, படியிலும் சரி. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து படம் வருவதுவரை போனில் வீடியோ எடுங்கள். அதன்பிறகு கையெழுத்து.

சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? பாத்ரூம் என்றால் உள்ளே பைப் ஓடும், மழைக்காலத்தில் ஓதமும் வரும். சைபோரெக்ஸ் என்கிற லேசான கான்கிரீட் கல் சுவர் என்றால், ஸ்க்ரூ பிடிக்க ஓட்டையில் சொருகுகிற சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டால் நாளடைவில் கழன்றுவிடும், அந்தக் கல்லுக்கென்றே வருகிற பிளக் கேளுங்கள். இருபது கிலோவுக்கு மேல் தொங்கப்போகிறது.

செம்பூர்வாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பேப்பரை மாட்டிய முதல் நாளே ஒன்று தெரிந்தது. இடது ஓரம் சுவிட்ச் போர்டின் பாதியை மறைத்தது. ஒரு அடி வலது பக்கம் நகர்த்தினோம், ஜன்னல் வெயிலிலிருந்தும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. மறுபக்கம் அம்மாவின் அறைதான், பைப் இல்லை. பழைய செங்கல் சுவர், பிளக் இறுகப் பிடித்தது.

65 அங்குலம், பின்பக்கம் முழுக்க விளக்கு உள்ள கியூஎல்இடி. பட்ஜெட்டுக்குள் முடிந்தது. கடையில் ஓரமாக நின்று பார்த்ததில் ஒரு மாடலைக் கழித்தோம், அதுவரை அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. லிஃப்டில் பெட்டி நுழையவில்லை. இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்தபடி மூன்று மாடியும் ஏறினார்கள், நான் பின்னாலேயே வீடியோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

கேபிள்காரரிடம் பேசி அம்மா பார்க்கிற சானலை எச்டி-யாக மாற்றினேன். எங்கள் வீட்டுக் கேபிள் பெட்டியும் மூன்று வண்ண ஒயரில்தான் இருந்தது! எச்டிஎம்ஐ போட்டும் முதலில் படம் மங்கலாகவே வந்தது. பெட்டியின் செட்டிங்கில் வெளியீடு 576 என்றே நின்றிருந்தது, எச்டி அளவான 1080-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. நண்பரிடமும் சொன்னேன். அவர் வீட்டிலும் பழைய ஒயர்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. படம் பார்க்கும்போது நடிகர்கள் நகர்வது வழவழவென்று, தொடர் எடுத்த மாதிரி இருக்கிறது. ஏன்?

ரிப்பேர்கடை_முலுண்ட்:

சினிமா நொடிக்கு 24 பிரேம். நடுவில் இல்லாத பிரேம்களை டிவி தானாகச் செய்து சேர்க்கிறது, அதனால் வருகிற வழவழப்பு. பட செட்டிங்கில் மோஷன் என்று ஒன்று இருக்கும். படத்துக்கு அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்குக் குறைந்த அளவில் வைக்கலாம். மழைக்காலத்தில் இடி இடித்தால் மின் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றுங்கள், மொட்டை மாடியிலிருந்து வருகிற அந்த ஒயர் வழியாகவும் மின்னல் இறங்கும்.

தானே_அக்கா:

அதெல்லாம் சரி தம்பி, அம்மா?

செம்பூர்வாசி:

மோஷனை அணைத்தேன், இப்போது படம் படமாக இருக்கிறது.

முதல் இரண்டு நாள் அம்மா பழக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்கள், கிட்டத்தில் கண் கூசுகிறது என்றார்கள். மூன்றாம் நாள் சோபாவில் மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீழே ஓடுகிற எழுத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நேற்று நாற்காலியைப் பால்கனிக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன்.