சில்லிட்டபடியே கரையும் உப்பு: வெப்பம் கொள் நிகழ்வு தானாக நடப்பது எப்படி?

கேள்வி:
அம்மோனியம் நைட்ரேட்டை நீரில் இட்டுக் கலக்கினால் கரைசல் சில்லிட்டு, குவளையின் வெளிப்புறம் வியர்த்துவிடுகிறது. ஆற்றல் குறையும் திசையில்தான் எதுவும் தானாக நடக்கும் என்றால், வெப்பத்தை உறிஞ்சும் இந்நிகழ்வு மட்டும் எப்படி நடக்கிறது? 'கட்டிலா ஆற்றல் குறைவதால்' என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

மறுமொழி 1:
ஒரு மோல் உப்பு கரைய ஏறத்தாழ 26 கிலோஜூல் வெப்பம் தேவை. அதை நீரும் சுற்றுப்புறமும் இழப்பதால் அவற்றின் என்ட்ரோபி (ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) குறைகிறது. ஆனால் படிகத்தில் கட்டுண்டிருந்த அயனிகள் கரைசலெங்கும் பரவுவதால் ஏற்படும் என்ட்ரோபி உயர்வு அந்தக் குறைவை விஞ்சிவிடுகிறது. அந்த உயர்வை 298 கெல்வினால் பெருக்கினால் சுமார் 32 கிலோஜூல் வரும். 26-இலிருந்து 32-ஐக் கழித்தால் எஞ்சுவது மைனஸ் 6. கிப்ஸ் கட்டிலா ஆற்றலின் மாற்றம் என்பது இதுதான். வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதபோது இது எதிர்க்குறி பெற்றால் நிகழ்வு தன்னிச்சையானது.

மறுமொழி 2:
வெப்பநிலை ஏறினால் கட்டிலா ஆற்றல் மாற்றத்தின் குறியே மாறிவிடக்கூடும் என்பதற்குச் சுண்ணாம்புக் காளவாய் நல்ல சான்று. சுண்ணாம்புக்கல் சிதைய மோலுக்கு 178 கிலோஜூல் வேண்டும். வெளியேறும் கார்பன் டைஆக்சைடால் என்ட்ரோபி கெல்வினுக்கு 160 ஜூல் அளவு உயர்கிறது. அறை வெப்பநிலையில் கட்டிலா ஆற்றல் மாற்றம் பிளஸ் 130 கிலோஜூல் என்பதால் கல் கல்லாகவே கிடக்கிறது. அந்த மாற்றம் சுழியாகும் வெப்பநிலையைக் காண 178-ஐ 0.16-ஆல் (160 ஜூல் என்பது 0.16 கிலோஜூல்) வகுத்தால் ஏறத்தாழ 1110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ் கிடைக்கும். இது தோராயம்தான், வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டலமாக இருக்கையில் உண்மையில் 900 டிகிரியை நெருங்க வேண்டியிருக்கும். பலரும் கவனிக்கத் தவறுவது வேறொன்று: காற்றோட்டம் அவ்வாயுவை அடித்துச் சென்றுகொண்டே இருந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே குறி மாறிவிடும். மூடிய கலத்தில் வாயு தேங்கினால் வினை சமநிலையில் நின்றுவிடும். அட்டவணையிலுள்ள திட்ட மதிப்பை (வாயு அழுத்தம் போன்றவை குறித்த நிலையில் இருக்கும்போது பொருந்தும் மதிப்பை) மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மறுமொழி 3:
மேலே சொன்னவை திசையைப் பற்றியவை. வேகத்தைப் பற்றியவை அல்ல. அறை வெப்பநிலையில் வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கான கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு மைனஸ் 2.9 கிலோஜூல். ஆயினும் கார்பன் பிணைப்புகளை உடைப்பதற்கான கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) மிக அதிகம் என்பதால் மோதிரத்து வைரம் அப்படியே இருக்கிறது. வினையூக்கி வேகத்தைக் கூட்டுமே தவிர, கட்டிலா ஆற்றல் மாற்றத்தை மாற்றாது. நேர்க்குறி கொண்ட வினையை எந்த வினையூக்கியாலும் தன்னிச்சையாக்க முடியாது.