பெரிய வீட்டு சொந்தங்கள் குரூப்: தினேஷ் ஏன் அமெரிக்காவுல ஜாக்சன் ஊரை காலி பண்றான்

ராஜா மாமா: தினேஷு வீடு மாத்துறீங்களாமே, பானு சொன்னா. வேலை போயிருச்சா? எதுன்னாலும் மறைக்காம சொல்லுப்பா

தினேஷ்: அய்யோ ஹோட்டல் வேலையெல்லாம் அப்படியே இருக்கு மாமா. வீட்டுக்காரர் வீட்டை வித்துட்டாரு, வாங்குன ஆளு கலிபோர்னியா, நாங்க காலி பண்ணணும். ஜாக்சன்ல வேற வாடகை வீடு கட்டுப்படியாகாது அதான் மலைக்கு அந்தப்பக்கம் பக்கத்து ஸ்டேட் ஐடஹோல விக்டர்னு ஒரு ஊரு, அங்க போறோம்

செல்வி அக்கா: டேய் ஜாக்சன் பட்டிக்காடுன்னு தானடா சொன்ன, அங்க என்ன அவ்ளோ வாடகை

தினேஷ்: பட்டிக்காடு தான்க்கா, ஜாக்சன் இருக்கற மொத்த டீட்டன் கவுன்டிக்கே (நம்ம மாவட்டம் மாதிரி) 2020 சென்சஸ்ல 23 ஆயிரம் சொச்சம் பேரு. ஆனா நிலத்துல 97 சதவீதம் கவர்மென்ட்டோடது, பார்க்கும் காடும். மிச்சத்துல தான் வீடு கட்டணும். இதுல எங்க மாநிலம் வயோமிங்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது வேற, காசு உள்ளவன்லாம் இங்க வீடு வாங்கி அட்ரஸ மாத்திக்கிறான்

பானு சித்தி: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

ராஜா மாமா: அப்ப ஊரே கோடீஸ்வரனா

தினேஷ்: சராசரி போட்டா அப்படித்தான் வரும். 2021ல தலைக்கு வருஷ வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேல, நாட்டுலயே ஃபர்ஸ்ட். பெரும்பகுதி டிவிடெண்ட், வட்டி. ரூம் கிளீன் பண்றவங்க, சமையல்காரங்க நிறைய பேரு மலை தாண்டி தான் வர்றாங்க

ராஜா மாமா: யாரு வந்தா யாரு போனான்னு எவன் எண்றான்

தினேஷ்: வரி ஆபீஸ் தான் மாமா, ஐஆர்எஸ். போன வருஷ ரிட்டர்ன்ல ஒரு அட்ரஸ் இந்த வருஷம் வேறன்னா, எந்த கவுன்டிலேருந்து எங்க போனாங்க, கூடவே எவ்ளோ வருமானம் போச்சுன்னு கணக்கு போட்டு வெளியிடுவாங்க. ஒரு ரிட்டர்ன்னா ஏறக்குறைய ஒரு குடும்பம். எங்கள மாதிரி பத்து குடும்பம் வெளிய போயி ஒரே ஒரு ஃபண்டு முதலாளி உள்ள வந்தா போதும், கவுன்டி வருமானம் எகிறிடும்

ராஜா மாமா: எங்க பேங்க்ல ஒரு பெரிய டெபாசிட் வந்துட்டா பிராஞ்ச் டார்கெட் ஓவர், அன்னைக்கு சின்ன அக்கவுன்ட் நூறு மூடுனாலும் மேனேஜர் கண்டுக்க மாட்டாரு. அதே கதை தான்

செல்வி அக்கா: ஐடஹோலயும் வரி இல்லையா?

தினேஷ்: இருக்கேக்கா! சம்பளம் வயோமிங்ல வாங்கினாலும் குடியிருக்கறது ஐடஹோன்னா அங்க கட்டணும்

ராஜா மாமா: அடப்பாவிகளா. மாளிகைக்காரனுக்கு ஸ்டேட் வரி இல்ல, அவன் வீட்ட கூட்டறவனுக்கு உண்டா

செல்வி அக்கா: மலை ரோடு பத்திரமாடா, பனி காலத்துல?

தினேஷ்: டீட்டன் பாஸ்னு அந்த மலைக் கணவாய் 8431 அடி உயரம்க்கா, ஸ்னோ டயர் போட்டுக்கணும். 2024 ஜூன்ல ரோடே சரிஞ்சு விழுந்து கிட்டத்தட்ட மூணு வாரம் மூடிட்டாங்க, சுத்தி வர ஒரு மணி நேரத்துக்கு மேல கூடுதலா ஆச்சு. எங்க கிச்சன்ல ஆள் வரமுடியாம பிரேக்ஃபாஸ்ட் மெனுவையே பாதியா வெட்டுனாங்க

பானு சித்தி: இப்ப தீபாவளி பார்சல் எந்த அட்ரஸுக்கு போடணும்?

தினேஷ்: தனியா அனுப்பறேன் சித்தி. விக்டர் இருக்கற கவுன்டி பேரும் டீட்டன் தான், ஐடஹோன்னு பெருசா எழுதுங்க இல்லன்னா பழைய வீட்டுக்கு போயிரும்

பானு சித்தி: சரி. முறுக்கு ஒடஞ்சிரும், அதிரசம் வைக்கறேன்