நின்றால் ஏசி அனலாகிறது, மலை ஏறினால் இஞ்சின் கொதிக்கிறது

கேள்வி – பொள்ளாச்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் உள்ளது. ஓட்டத்தில் நன்றாகக் குளிரும் ஏசி, சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே அனலாக வீசுகிறது. கேஸ் குறைந்துவிட்டதாகச் சொல்லி ஒரு பணிமனையில் நான்கு மாதங்களுக்குள் இரண்டு முறை நிரப்பினார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. சென்ற வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. மேலே போய்க் குளிருக்கு ஹீட்டரைப் போட்டால், அதில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. ரேடியேட்டருக்கு இதுவரை வீட்டுப் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகளா?

மறுமொழி – பழைய ஸ்பானர்

தனித்தனி அல்ல ஐயா. கேஸின் சூட்டை வெளியேற்றும் ஏசி கண்டென்சரும் இஞ்சினின் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே காற்றை நம்பி நிற்பவை. நெடுஞ்சாலையில் எதிர்காற்றே இரண்டையும் ஆற்றிவிடும். சிக்னலிலும், முதல் இரண்டு கியர்களில் இஞ்சின் முழுச்சுமையோடு ஊர்ந்து ஏறும் மலைப்பாதையிலும் மின்விசிறி ஒன்றே துணை. அது சுழலாவிட்டால் கண்டென்சரில் அழுத்தம் எகிறும், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரைக் காப்பதற்காக அழுத்தச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும், உங்களுக்கு அனல்காற்று வரும். அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினால் அதே அழுத்தம் இன்னும் விரைவாக எட்டிவிடுமாதலால், இரண்டாம் முறை நிரப்பியபின் நிலைமை மோசமானதில் வியப்பில்லை.

வண்டியை நிறுத்தி வைத்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்த சற்று நேரத்திலேயே விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸையும், பிறகு விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சையும் சோதியுங்கள்; ஹாரன் ரிலே அதே எண்ணுடையதாக இருந்தால் அதை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் சரியென்றால் மோட்டாரின் உறையை ஒரு குச்சியால் மெல்லத் தட்டுங்கள். விரலும் சட்டை நுனியும் இறக்கைக்கு அருகில் போகக் கூடாது. தட்டியதும் சுழன்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஹீட்டரில் குளிர்காற்று வருவது, இஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் கூலன்ட் நீர் குறைந்து, ஹீட்டரின் குழாய்களில் காற்று அடைத்திருப்பதைக் காட்டுகிறது. ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும், மலைமேல் அதற்கும் முன்பே. இஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். ரேடியேட்டர் குழாய்களிலும் அதே உப்புதான் படிந்திருக்கும்.

மறுமொழி – நீலகிரி ஓட்டுநர்

இஞ்சின் ஆயிலையும் ஒருமுறை பாருங்கள். பால் கலந்த தேநீர் போல் இருந்தாலோ, சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்தாலோ ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கக் கூடும். அப்படியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மலையில் முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுவது என் வழக்கம். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தானே. உங்கள் வண்டியில் காற்று அடைத்திருப்பதால், இப்போதைக்கு அந்த உபாயமும் பலிக்காது.

மறுமொழி – பொள்ளாச்சிக்காரன்

தட்டியதும் விசிறி சுழன்றது! மோட்டாரை மாற்றி, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தாளில் குறித்த கிராம் அளவுக்குக் கேஸை எடை வைத்து நிரப்பச் செய்தேன். மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். ஆயில் தெளிவாக உள்ளது. ரேடியேட்டரைக் கழுவி, கலந்தே விற்கும் கூலன்ட் ஊற்றியபின் சிக்னலில் அரை மணி நேரம் நின்றும் முள் பாதியைத் தாண்டவில்லை. ஹீட்டர் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது.

மறுமொழி – பழைய ஸ்பானர்

காற்று முழுதும் வெளியேறவில்லை. ஆறிய வண்டியை முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழிகள் வரும். மட்டம் இறங்க இறங்கக் கூலன்ட் ஊற்றுங்கள். சூடேறினால் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து ஹோஸ் சூடேறியதும், பொங்குவதற்குள் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், மட்டத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.