‘போஏ’ என்னும் பண்டத்துக்குத் தமிழ்ப்பெயர்: ‘சுட்ட கனிக்களி’ என்பது என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பசிபிக் பெருங்கடலின் பொலினீசியத் தீவுகளில் பழக்கூழையும் கிழங்குமாவையும் கலந்து சுட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி உண்ணும் பண்டத்துக்கு, நம் அகராதியில் சேர்ப்பதற்காக இதுவரை ‘பழப் புட்டிங்’, ‘கனியடை’, ‘வெதுப்புக்களி’ என்று மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பண்டம் எப்படி உருவாகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் சொல் தானே அமையும் என்று தோன்றுவதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தீவுகளுள் ஒன்றான தஹித்தியில் இதன் பெயர் போஏ. நன்கு கனிந்த வாழைப்பழத்தையோ பப்பாளியையோ பரங்கிப்பழத்தையோ மசித்து, அதில் கிழங்கிலிருந்து கரைத்துப் படியவைத்து எடுத்த வெண்மாவைச் சேர்த்து, வாழையிலையில் பொதிந்து, குழியில் தீ மூட்டிச் சூடேற்றிய எரிமலைக் கற்களின்மேல் வைத்து, இலைகளாலும் மண்ணாலும் மூடிவிடுவார்கள். இந்தக் குழியடுப்பைத் தஹித்தியில் அஹிமாஅ என்றும், சமோவாவிலும் குக் தீவுகளிலும் உமு என்றும், ஹவாயில் இமு என்றும் அழைக்கிறார்கள். சில மணி நேரம் கழித்துப் பொதியைப் பிரித்து, ஆறவிட்டு, துண்டு போட்டு, தேங்காயைத் துருவிப் பிழிந்த கெட்டிப்பாலை ஊற்றிப் பரிமாறுவது வழக்கம். இன்று பெரும்பாலான வீடுகளில் குழியின் இடத்தை ஓவன் பிடித்துக்கொண்டது. ஆனால் பண்டம் மாறவில்லை.

முன்னாளில் இதற்குரிய மாவு பியா என்னும் கிழங்கிலிருந்து வந்தது. கசப்பும் நச்சுத்தன்மையும் உள்ள அந்தக் கிழங்கைத் துருவி, பலமுறை நீர் மாற்றிக் கழுவி, அடியில் படிந்த மாவை வெயிலில் உலர்த்தி எடுக்க வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து மரவள்ளி வந்து சேர்ந்த பிறகு அதன் மாவு பியாவின் இடத்துக்கு வந்தது. சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசிக்காகப் படியவைத்து எடுக்கிறார்களே, அதே மாவுதான். பப்பாளியும் பரங்கியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னாளில் சென்றவையே என்பதால், இப்பண்டத்தின் பழைய வடிவம் வாழைப்பழத்தில் செய்தது என்று கொள்ளலாம்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘புட்டிங்’ என்றால் நம் வாசகர்களின் மனத்தில் பாலும் முட்டையும் சேர்த்துச் செய்யும் நெகிழ்வான இனிப்பு எழும். இதில் முட்டையும் இல்லை, பசும்பாலும் இல்லை. ‘அடை’ என்ற சொல்லுக்காக வாதிட்ட நண்பர் குமரி மாவட்டத்து இலையடையைச் சுட்டிக்காட்டினார். இலைப்பொதி என்ற அளவில் அந்த ஒப்புமை மிக அழகானது. ஆயினும் இலையடையில் மாவுதான் உடல், பழமும் வெல்லமும் தேங்காயும் உள்ளே வைக்கும் பூரணம். போஏ பண்டத்தில் பழமே உடல். மாவு அதைப் பிடித்து நிறுத்தும் கட்டு மட்டுமே. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அடை என்றதும் பருப்பும் அரிசியும் அரைத்துக் கல்லில் வார்ப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதையும் மறந்துவிட இயலாது.

சென்ற வாரம் இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். தோல் கறுக்கும் வரை கனியவிட்ட ஒரு கிலோ நேந்திரம்பழத்தை மசித்து, இருநூறு கிராம் மரவள்ளி மாவும் சிறிது சர்க்கரையும் சேர்த்து, நெய் தடவிய வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, 180 பாகை செல்சியசில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தேன். உள்ளே போகும்போது சுண்ணாம்பு கலந்ததுபோல் வெளிறிக் கிடந்த கலவை, வெளியே வரும்போது பழுப்பேறிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ மின்னியது. அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டினேன். கத்தியில் ஒட்டி இழுபட்டு, துண்டே விழவில்லை. இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகு அதே தட்டில் ஓரம் நேராக நிற்கும் சதுரங்கள் வெட்ட முடிந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழுந்தது. மாவு சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்து, பின் ஆறி இறுகும் அந்த நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: களி. இந்தப் பண்டத்தை வாயில் வைத்த எவரும் வேறு சொல்லைத் தேட மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆகவே பெயரின் தலைச்சொல் களியாகவே இருக்க வேண்டும்.

களி என்றால் அடுப்பில் கிண்டுவதாயிற்றே, இதைக் கிண்டுவதில்லையே என்ற மறுப்பு நியாயமானது. செய்முறையைக் காட்ட ஓர் அடைமொழி தேவைப்படுவது அதனால்தான். ‘வெதுப்பு’ என்பது ஈழத்தில் வெதுப்பகம் என்ற சொல்லால் நன்கு வேரூன்றியது என்பதை மதிக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது இளஞ்சூட்டையே உணர்த்தும், கற்கள் சிவக்கும் குழியை உணர்த்தாது. அப்பம் சுடுகிறோம், சாம்பலில் கிழங்கு சுடுகிறோம். இரு கரையிலும் விளங்கும் வினை ‘சுடு’தான். ‘சுடுகளி’ என்று வினைத்தொகையாகச் சுருக்கலாம் என்று நானே முதலில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுடுநீர், சுடுசோறு என்னும் வழக்கை ஒட்டி அது சூடான களி என்றே பொருள்படும். இதுவோ ஆறிய பிறகே வெட்டி உண்ணத்தக்கது. பெயரெச்சமாகச் ‘சுட்ட’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் வராது.

‘கனி’ என்ற பகுதி பரங்கிக்குப் பொருந்துமா என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். முற்றிச் சிவந்ததைப் பரங்கிப்பழம் என்று சொல்லும் வழக்கு நம்மிடம் இருப்பதால் பொருந்தும் என்பதே என் கருத்து. இந்தப் பெயரின் இன்னொரு நன்மை, அது பிற பண்டங்களுக்கும் இடம் தருகிறது: ஹவாயில் சேப்பங்கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலும் இனிப்பும் கலந்து இமுவில் சுடும் குலோலோ என்பதைச் ‘சுட்ட சேம்புக்களி’ என்று எளிதில் குறிக்கலாம்.

ஒலிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஹித்திய மொழியில் இச்சொல்லின் இரண்டு உயிர்களுக்கும் நடுவே தொண்டையில் ஓர் அடைப்பொலி உண்டு. அது இல்லாமல் சொன்னால் முத்து என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். குக் தீவுகளில் இதே பண்டம் போக்கே எனப்படுகிறது. அங்கே ககரமாக நிற்பதுதான் தஹித்தியில் அந்த அடைப்பாகத் தேய்ந்திருக்கிறது. நன்னூல் விதிப்படி ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் தோன்றி ‘போவே’ என்றாகும். உடம்படுமெய்யின் வேலை உயிர்களை இணைப்பது. இச்சொல்லின் அடையாளமோ அவற்றைப் பிரிப்பதில் இருக்கிறது. அந்த அடைப்பைக் காட்ட ஆய்தத்தை இடலாமா என்றால், அது குற்றெழுத்துக்கும் வல்லினத்துக்கும் இடையில் வருவதால் இங்கே உதவாது. ஆகவே அயற்சொல் என்ற அளவில் விதிவிலக்காக, ‘போஏ’ என்று பிரித்தே எழுதுவோம். ஈற்றில் குறில் எகரம் தமிழில் நில்லாது என்பதால் நெடிலாக்கியிருக்கிறேன். ஹவாயின் பச்சைமீன் உணவான போக்கேயும், அடித்த சேப்பங்கிழங்கான ‘போய்’ என்பதும் வேறு பொருள்கள் என்று பதிவில் ஒரு குறிப்புச் சேர்ப்பது நல்லது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு இது: “சுட்ட கனிக்களி (பெ.) – மசித்த பழத்தோடு கிழங்குமாவைக் கலந்து, மரபாக வாழையிலையில் பொதிந்து குழியடுப்பில் சுட்டு, ஆறியபின் துண்டாக்கித் தேங்காய் முதற்பால் ஊற்றி உண்ணும் பொலினீசிய இனிப்பு, தஹித்தியில் போஏ, குக் தீவுகளில் போக்கே.”

இதில் ‘முதற்பால்’ என்பதை நீர் சேர்க்காமலோ மிகக் குறைவாகச் சேர்த்தோ பிழிந்த கெட்டிப்பால் என்ற பொருளில் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்கள் வீட்டில் இச்சொல் இதே பொருளில்தான் வழங்குகிறதா என்று உறுதிசெய்து எழுதினால், அகராதிக்கான அடுத்த பட்டியலில் ‘சுட்ட கனிக்களி’, ‘முதற்பால்’ இரண்டையும் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.