நகல் கேம் பெட்டியின் சத்தம்: உங்கள் காதில் எப்படி விழுந்தது?

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. டிவி கேம், அவ்வளவுதான். போன மாதம் நண்பர் ஒருவர் 1983 மாடல் அசல் ஃபேமிகாமைக் கொண்டுவந்தார். எனக்கு மனப்பாடமான ஒரு மெட்டைப் போட்டால், யாரோ வேறு ஆள் வாசிப்பது போல் இருந்தது.

அசலில் பாட்டு வேகமாக ஓடியது. அதற்குக் காரணம் தெரியும். என் பெட்டி 50 ஹெர்ட்ஸ், அசல் 60. பெரும்பாலான கேம்களில் இசை, திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு அடி நகரும். நகலின் சிப் 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அசல் 1.79. அதனால் சுருதி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

குழப்பியது குரல்தான். என் பெட்டியில் நாதஸ்வரம் போல் பிளிறும் இடம், அசலில் புல்லாங்குழல் போல் குழைந்தது. டிவி ஸ்பீக்கர் வேலை என்று நினைத்து, இரண்டையும் கணினியில் பதிவு செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். அசலில் அலை பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. நகலில் கால்வாசி நேரம்தான் மேலே!

ஃபேமிகாமில் சதுர அலைக்கு இரண்டு சேனல்கள். அலையின் அகலத்தை, அதாவது அது மேலே இருக்கும் நேரத்தை, 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு விதமாக வைக்கலாம். பழைய நகல் சிப்கள் பலவற்றில் 25-உம் 50-உம் இடம் மாறிக் கிடக்கின்றன. உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் லேபிளை மாற்றி ஒட்டிய கதைதான். 12.5-ஐ வைத்து வாசிக்கும் இடங்கள் இரண்டிலும் ஒன்றாகவே கேட்டன. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

மறுமொழி:
எனக்குக் குரலை விட இரைச்சல்தான் தொல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி போர்டு, நடுவில் கருப்புப் பசை உருண்டை ஒன்று. மொத்த கன்சோலும் அதற்குள்தான். பக்கத்தில் ஹீட் சிங்க் கூட இல்லாமல் ஒரு 7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்). கெபாசிட்டரை மாற்றியதும் அடித்தொண்டை ரீங்காரம் போய்விட்டது. ஆனால் திரையில் வெள்ளை எழுத்து நிறைய வந்தால் 'ஜ்ஜ்ஜ்' என்று ஒரு சத்தம். திரை கருப்பானால் அமைதி. வீடியோ சிக்னல் ஆடியோவுக்குள் கசிகிறது. ஏவி சாக்கெட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் தள்ளி வைத்துத் தனித்தனி கிரவுண்ட் கொடுத்தேன். முக்கால்வாசி குறைந்தது.

அப்புறம் ஒன்று, அடாப்டரில் கவனம். அசல் ஃபேமிகாம் அடாப்டருக்கு நடுமுனை நெகட்டிவ். நகல்களில் எது என்று பெட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மாற்றிச் செருகி ஒன்றைச் சாகடித்தவன் சொல்கிறேன்.

மறுமொழி:
சேகாவின் மெகா டிரைவ் கேம் பெட்டியின் நகல் வாங்கிப் பாருங்கள், ஃபேமிகாம் நகலே தேவலாம் என்பீர்கள். அசலில் இசைக்கு ஆறு சேனல் எஃப்எம் சிப், கூடவே சதுர அலை போடும் எளிய பிஎஸ்ஜி. இரண்டும் அளவாகக் கலக்க வேண்டும். என்னிடம் இருப்பதில் பிஎஸ்ஜி கத்துகிறது, எஃப்எம் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிறது. நாணயம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டு காணாமல் போகும்.

மறுமொழி:
கொனாமி 1989-இல் ஜப்பானில் விட்ட ஒரு கேசட்டில் விஆர்சி6 என்று தனிச் சிப் உண்டு. இரண்டு சதுர அலை, ஒரு ரம்ப அலை கூடுதலாகத் தரும். என் நகலில் அந்தப் பாட்டு பாதி வாத்தியங்கள் இல்லாமல் வந்தது. ஃபேமிகாமில் ஒலி, கேசட் செருகும் இடத்தின் 45-ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் போய் 46 வழியாகத் திரும்பும். என் போர்டில் இரண்டையும் நேராக இணைத்திருந்தார்கள். தடத்தை வெட்டி 46-ஐ ஆடியோவுக்கு இழுத்தேன், ரம்ப அலை உறுமிக்கொண்டு வந்தது.

சரி, முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. அந்த 25/50 குழப்பத்தைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி:
சாலிடரிங் அயர்னுக்கு வேலை இல்லை நண்பரே, அது சிப்புக்குள்ளேயே பதிந்தது. தலைகீழாக வேண்டுமானால் செய்யலாம். கணினியில் ஃபேமிகாம் போலவே ஓடும் மென்பொருளான மெசென் எமுலேட்டரில் பழைய நகல்களைப் போல இரண்டையும் இடம் மாற்றும் அமைப்பு இருக்கிறது. நான் அதைப் போட்டுத்தான் இப்போது விளையாடுகிறேன்.