ஒரே ஸ்லாட், இரண்டு வேகம்

சத்துவாச்சாரியிலிருந்து:

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். என் பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில், கூடுதல் கார்டுகளைச் செருகுவதற்கான எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் உண்டு. பென்டிரைவ் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்காதே என்று அதற்கான எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிரைவ்) கார்டு ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். போன தை மாதம் ரத்தினகிரியில் ஒரு முகூர்த்தம். லேப்டாப்பில் இருந்த 20 ஜிபியை மண்டபத்திலேயே அதில் ஏற்றப் பார்த்தேன். நொடிக்கு 28 எம்பி! பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி வரும்போதுதான் முடிந்தது. எஸ்எஸ்டி என்று பேர் வேறு.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அந்த ஸ்லாட்டுக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று யூஎஸ்பி 2.0, கணக்குப்படி நொடிக்கு 60 எம்பி, கையில் கிடைப்பது அதில் பாதிதான். மற்றது லேப்டாப்பின் உள்பாகங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ், அதில் ஒற்றை லேன், அதாவது ஒரே தடம். கணக்கு 250 எம்பி. எந்த வழியைப் பிடிப்பது என்பது கார்டைச் செய்தவர் கையில் இருக்கிறது. என்னுடையது டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி என்றே வந்தது. கார்டின் மேல் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நண்பரிடம் பிசிஐ வகைக் கார்டை இரவல் வாங்கி அதே ஃபோல்டரை ஏற்றினேன். 110 எம்பி, மூன்றே நிமிடம். ஆனால் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன போட்டோ ஃபைல்கள் என்று வந்தபோது இரண்டுமே நொண்டின.

காட்பாடியிலிருந்து:

அண்ணே, புது லேப்டாப்பிலும் இதே கதைதான். உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டில் நான் முதலில் போட்டது சாட்டா என்ற பழைய இணைப்பு வகைக் கார்டு. 550 எம்பிக்கு மேல் நகராது. நான்கு லேன் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வழியில் ஓடும் என்விஎம்இ வகைக் கார்டு என்றால் 3,500 வரை படிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கார்டின் பல்லில், அதாவது ஸ்லாட்டில் செருகும் விளிம்பில், இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா.

இப்போது என்விஎம்இக்கு மாறியாச்சு. ஆனால் கத்திரி வெயிலில் 100 ஜிபி ஏற்றும்போது பாதியில் வேகம் பொத்தென்று விழுந்தது. வேலூர் வெயிலில் கார்டு சூடேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அதையே திரும்ப ஏற்றினேன். கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுந்தது. வெயில்மேல் வீண்பழி, கேஷ் (எழுதும்போது கார்டு முதலில் நிரப்பும் வேகமான பகுதி) நிரம்பியதுதான் காரணம்.

சத்துவாச்சாரியிலிருந்து:

அந்த விடியற்காலை சோதனை நல்ல யோசனை, தம்பி. இரவல் கார்டில் நானும் செய்து பார்க்கிறேன். நண்பர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.