ஆச்சி வீட்டு குரூப்: காவ்யா வளைகாப்பு

தீபா: வளைகாப்புக்கு இன்னும் 12 நாள்தான். வர்ற 40 பேருக்கு என்ன குடுக்கறது? பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்னு காவ்யா சொல்லிட்டா

ராஜி அத்தை: ஆச்சி தகரப்பெட்டில உடஞ்ச கண்ணாடி வளையல் நெறைய கெடக்கு. கலை கம்மல் பண்ணித் தருவா

சங்கர் மாமா: சுப காரியத்துக்கு உடஞ்ச வளையலா?

கலை: மாமா, சண்டிகர் ராக் கார்டன் தோட்டத்துல நேக் சந்த்னு ஒருத்தர் உடஞ்ச வளையலை வச்சே உருவம் உருவமா செஞ்சு நிறுத்தியிருக்கார். 1976லேருந்து ஜனங்க போய்ப் பாக்கறாங்க

முருகன் பெரியப்பா: அது தோட்டம். இது வளைகாப்பு

கலை: சரி, வேலையைச் சொல்லிடறேன். 40 ஜோடிக்கு 80 துண்டு. ஒரு வளையல்ல நல்ல துண்டு 4 தேறும், அப்போ 20 வளையல், சேதாரத்துக்கு 5 கூட. முனையை 220 நம்பர் எமரி ஷீட்ல (உப்புத்தாள்) தேய்க்கணும், அப்புறம் அதைவிட நைசான 400, 600. எல்லாமே தண்ணிக்குள்ள வச்சுதான். காஞ்சு தேய்ச்சா கண்ணாடித் தூசி மூச்சுல போயிடும். ஓட்டை போட வேண்டாம், அவ்வளவு மெல்லிசு வளையல் பிளந்துடும். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியை முனைல 4 சுத்து சுத்தி மேல ஒரு கண்ணி. பித்தளைக் கம்பி விறைப்பு, இறுக்கறப்பவே கண்ணாடி நொறுங்கும்

தீபா: பெவிக்விக் போதாதா

கலை: கண்ணாடியைச் சுத்தி வெள்ளையா பூத்துடும். அரால்டைட்தான், ரெண்டு டியூப் கலந்து ஒட்டற பசை. ரெண்டுலயும் சம அளவு, கம்பிச் சுத்துக்குள்ள ஒரு துளி, ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது

சமையல் சித்தி: அஞ்சு சாதமா ஏழு சாதமா? மாஸ்டர் கேக்கறார்

ராஜி அத்தை: ஏழு

சங்கர் மாமா: அஞ்சு போதும்

முருகன் பெரியப்பா: ஆச்சியோட சாவிக்கொத்து எங்கிட்ட இருக்கு. பித்தளைச் சாவி. அதுல பண்ணலாமே

ராஜி அத்தை: குத்துவிளக்கும் உங்ககிட்டதான் இருக்கு அண்ணே

முருகன் பெரியப்பா: அதை நேர்ல பேசுவோம் ராஜி

கலை: சாவி காதுக்கு ஆகாது பெரியப்பா. ஒரு காதுக்கு 5 கிராம் தாண்டினாலே ஓட்டை இழுக்கும். கழுத்துல டாலரா போடலாம். புளி போட்டுத் தேய்ச்சு நல்லாக் காயவச்சு லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) ஒரு கோட் அடிக்கணும், இல்லன்னா வேர்வைல பச்சை ஒட்டும். கம்மல் கொக்கி மட்டும் வெள்ளில வாங்கணும். கோக்கற வளையத்தை அகட்டித் திறக்காதீங்க, வட்டம் போயிடும். ரெண்டு குறடு பிடிச்சு ஒரு முனையை முன்னாடி, இன்னொண்ணைப் பின்னாடி திருப்பணும்

கார்த்தி: அக்கா, வாசல்ல வைக்க ஸ்பூன்ல மயில் பண்ணலாமா?

கலை: 36 ஸ்பூன் வேணும். எவர்சில்வர்ல சாதா ஈயம் ஒட்டாது, அதனால 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு ரிவெட் (ரெண்டு தகட்டை இறுக்கற ஆணி) அடிக்கணும். டிரில் மெதுவா ஓடணும், எண்ணெய் விட்டுக்கிட்டே. வேகமா ஓட்டினா அந்த இடம் இறுகி பிட் மழுங்கிடும். தோகை பின்னாடி இழுக்கும், அதனால உடம்புக்கு இட்லிக் கொப்பரை, உள்ள மணல்

கார்த்தி: எங்கிட்ட 14 ஸ்பூன் இருக்கு

சங்கர் மாமா: மயில் நல்லா இருக்கும்மா. கண்ணாடி மட்டும் யோசிங்க

தீபா: ஆச்சி போட்ட வளையல்னா தனக்கு ஒரு ஜோடி வேணும்னு காவ்யா அழறா மாமா

சங்கர் மாமா: அவளுக்கு மட்டும்னா பண்ணு. பிரசவம் முடிஞ்சு போட்டுக்கட்டும்

கலை: அப்போ வர்ற 40 பேருக்கும் சாவியா? எத்தனை இருக்கு பெரியப்பா

முருகன் பெரியப்பா: சாயங்காலம் எண்ணிச் சொல்றேன்

ராஜி அத்தை: விளக்கையும் எடுத்துட்டு வாங்க

சமையல் சித்தி: அஞ்சா ஏழா??